குளிர்காலத்துக்கு முன்

1939 ஜூன் 26. நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் தங்கியிருந்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், அன்றைய நாளுக்குரிய வசனத்தைத் தியானிக்க உட்கார்ந்தார். 2 தீமோத்தேயு 4:21. சிறையிலிருக்கும் பவுல், குளிர்காலம் பிறப்பதற்குள் தன்னிடம் வந்து சேரும்படி இளைய ஊழியரான தீமோத்தேயுவை அழைக்கும் வரி.

உபதேசம் எதுவும் அதில் இல்லை; ஒருவர் இன்னொருவருக்கு எழுதிய சொந்த வேண்டுகோள், அவ்வளவே. ஆனாலும் நாள் முழுக்க அது அவரை விடவில்லை. போர் நெருங்குவதையும், ஹிட்லரின் படைக்கு அவர் அழைக்கப்படலாம் என்பதையும் உணர்ந்த நண்பர்கள்தான் அவரை அமெரிக்காவுக்கு வரவழைத்திருந்தார்கள். ஜூன் 12-ல் வந்திறங்கியவர், 20-ம் தேதியே அங்கு கிடைத்த பணியை மறுத்து, நாடு திரும்ப முடிவெடுத்துவிட்டார். ஆகவே வசனம் அவருக்காக முடிவெடுத்துத் தரவில்லை. எடுத்த முடிவை எண்ணி மனம் அலைபாய்ந்துகொண்டிருந்த நாளில் அது வந்து பேசியது.

அப்போதும் அவருக்கு ஒரு தயக்கம். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாமா? அது வேதத்தைத் தவறாகக் கையாள்வது ஆகாது, தேவன் அதற்குக் கிருபை தந்தால் போதும் என்று நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் கப்பல் ஏறினார். செப்டம்பர் 1-ல் போர் மூண்டது.

இந்தத் தினவசன வழக்கத்தின் பிறப்பிடம் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமம். 1728 மே 3 மாலை, மொராவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினருக்கு அங்கே அடைக்கலம் தந்த சின்சென்டார்ஃப் பிரபு, மறுநாளுக்கென்று ஒரு வாசகத்தைக் கொடுத்தார். காலையில் அது வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லப்பட்டது. 1731-க்கான வசனங்கள் முதன்முதலாகப் புத்தகமாக வந்தன. இன்றும் பழைய ஏற்பாட்டு வசனங்கள் ஹெர்ன்ஹூட்டில் சீட்டுப் போட்டே எடுக்கப்படுகின்றன; அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேடிச் சேர்க்கிறார்கள்.

சீட்டு என்றதும் நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை நினைவுக்கு வரும். அந்த அட்டை பெரும்பாலும் ஆசீர்வாதத்தையே சொல்லும். ஆண்டு முழுக்கச் சுவரில் தொங்கும். அது தரும் ஆறுதல் பெரிது. ஆனால் போன்ஹோஃபருக்கு வந்த வசனம் அவரிடம் ஒன்றைக் கேட்டது. பத்திரமான ஊரை விட்டு ஆபத்தான ஊருக்குப் போகச் சொல்லும் வசனத்தையும் தனக்கானதாக ஏற்பதுதான் தியானத்தின் கடினமான பாதி.

அதற்கு அவர் நெடுநாள் பழகியிருந்தார். 1935 முதல் ஃபின்கன்வால்டேயில் இளம் போதகர்களுக்குப் பயிற்சி தந்தபோது, தினமும் காலையில் அரை மணி நேரத் தியானத்தைக் கட்டாயமாக்கினார். வாரம் முழுக்க ஒரே சிறு பகுதி. விளக்கவுரையைப் புரட்டக் கூடாது, பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கக் கூடாது. மாணவர்கள் பலர் திணறினார்கள். 1937-ல் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ அந்தப் பள்ளியை மூடியது.

1943 ஏப்ரலில் அவரைக் கைதுசெய்தார்கள். 1944 ஜூலை 20-ல், அவருக்கும் தொடர்பிருந்த குழு ஹிட்லரைக் கொல்ல எடுத்த முயற்சி தோற்றது. இனித் தப்ப வழியில்லை என்பது அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. மறுநாள் சிறையிலிருந்து நண்பர் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்திலோ, நேற்றும் இன்றும் வந்த தினவசனங்கள் தந்த மகிழ்ச்சியைச் சொல்கிறார்.

1945 ஏப்ரல் 9-ல் ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள் ஞாயிறு. ஷோன்பெர்க் ஊரின் பள்ளிக்கூடம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த சக கைதிகள், ஆராதனை நடத்தச் சொல்லிக் கேட்டார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பதால் தயங்கியவர், அவர்களே வற்புறுத்தியதும் ஒப்புக்கொண்டார். அன்றைய வேதபகுதிகளான ஏசாயா 53:5-ஐயும் 1 பேதுரு 1:3-ஐயும் வாசித்து, கைதிகளின் அப்போதைய மனநிலையோடு சேர்த்து விளக்கினார். அடுத்த அறைக் கைதிகளும் தங்களுக்கொரு ஆராதனை வேண்டுமென்று, அவரை அங்கே அழைத்துக்கொள்ள வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் இரண்டு பேர் வந்து அவரைப் புறப்படச் சொன்னார்கள்.