கொழும்பும் ஒரு மூலை

வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டி நின்று மேற்கே பார்த்தால், மாலைதீவு வரை வெறும் கடல்தான். வானிலைக் கருவி நட்டு வைக்க ஒரு பாறைகூட இல்லை. ஆனால் நமது மழையில் ஒரு பங்கு அந்த வெளியில்தான் உருவாகிறது.

30 முதல் 60 நாட்களுக்கு ஒரு தடவை இந்து சமுத்திரத்தில் பெரும் மழைமேகக் கூட்டமொன்று திரண்டு, மெல்லக் கிழக்கே நகரும். 1971இல் இதைக் கண்டறிந்த இருவரின் பெயரால் இது மேடன்–ஜூலியன் அலைவு எனப்படுகிறது. மழைக்குக் காற்று மேலெழ வேண்டும். பரந்த கடற்பரப்பில் சராசரியாகப் பார்த்தால் அது எழும் வேகம் வினாடிக்குச் சில சென்றிமீற்றர்தான். நேரடியாக அளப்பது ஆகாத காரியம்.

2011 ஒக்டோபரில் தொடங்கிய 'டைனமோ' ஆய்வு இதற்குச் சுற்றுவழி ஒன்றைக் கையாண்டது. கொழும்பு, மாலே, மாலைதீவின் அட்டு தீவுக்கூட்டத்திலுள்ள கன், நிலநடுக்கோட்டில் நின்ற அமெரிக்கக் கப்பல் ரொஜர் ரெவெல் ஆகிய நான்கு மூலைகளிலிருந்தும் பலூன்கள் ஏறின. தெற்கே இருந்த இன்னொரு நாற்கரத்தின் ஒரு மூலையில் ஜப்பானின் மிராய் கப்பல். பலூனில் தொங்கும் சிறு கருவி வெப்பத்தையும் ஈரப்பதனையும் வானொலியில் சொல்லும், அது அடித்துச் செல்லப்படும் போக்கே காற்றின் வேகத்தைக் காட்டிவிடும்.

கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளில் நாலு தெருவாலும் சனம் வந்து, வெளியேறுவோர் குறைந்தால் நடுவில் நெரிசல்தான். காற்று நெரிபடாது, மிஞ்சியது மேலே போய்விடும். நான்கு மூலைக் காற்றையும் கூட்டிக் கழித்தால் எழும் வேகம் கணக்கில் கிடைக்கும்.

கடலின் மேற்பரப்பை ஒட்டிய காற்றை அளப்பதில்தான் கப்பல் வில்லங்கம் பண்ணும். வெயிலில் கொதிக்கும் இரும்புத் தளம் காற்றைச் சூடாக்கும். உடற்பகுதி காற்றின் திசையை வளைக்கும். ஆகவே கருவிகளை முன்னணியத்துக் கம்பத்தில் உயரத்தில் பொருத்தி, கப்பலின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி வைக்கிறார்கள். கப்பல் ஓடும் வேகத்தையும் கழிக்க வேண்டும்.

அந்த நவம்பரில் அலைவு நன்றாகவே அகப்பட்டது. 24ஆம் திகதி ரெவெலை மேற்குக் காற்று தாக்கியது. மறுநாள் நமது தென்கரையில் வீசிய புயலில் மீனவர்கள் பலர் மாண்டார்கள். செய்மதி மேகத்தின் கூரையை நன்றாகக் காட்டும். அதன் அடியில் நடப்பதை அறிய இன்றும் கப்பல்தான் நம்பகமானது. அதைக் கடலுக்கு அனுப்பும் செலவு வீண்செலவு அல்ல.