ரத்தப் பரிசோதனையில் ‘ஸ்மியர்’ எதற்கு?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எண்கள் வரிசையாக இருக்கும். சில அறிக்கைகளில் அவற்றுக்குக் கீழே ‘பெரிபெரல் ஸ்மியர்’ என்ற தலைப்பில் இரண்டு மூன்று வரிகளும் இருக்கும். எண்களைத் தந்தது இயந்திரம். அந்த வரிகள், ரத்த அணுக்களை மைக்ராஸ்கோப்பில் நேரில் பார்த்தவர் எழுதியவை. இயந்திரம் ஒரு நிமிடத்தில் எண்ணித் தந்துவிடுகிறதே, பிறகு மனிதக் கண் எதற்கு?

பல இயந்திரங்கள் எண்ணும் முறையை வாலஸ் கோல்ட்டர் என்ற அமெரிக்கர் உருவாக்கினார். 1953-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அணுக்கள் ஒவ்வொன்றாக ஒரு நுண்துளை வழியே போகும்போது மின்னோட்டம் சற்றே தடைபடும். தடைகளை எண்ணினால் அணுக்களின் எண்ணிக்கை தெரியும்; தடையின் அளவைப் பார்த்தால் அணுவின் பருமன் தெரியும். ஆனால், அணு வட்டமாக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா, உள்ளே ஒட்டுண்ணி ஏதும் குடியிருக்கிறதா என்பதை அறியக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தேய்ப்பது

கண்ணாடி ஸ்லைடின் ஒரு முனையருகே சிறு சொட்டு ரத்தம் வைப்பார்கள். இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, அதன் விளிம்பால் சொட்டைத் தொட்டு, ஒரே சீராக முன்னால் தள்ளுவார்கள். ரத்தம் நாக்கு வடிவில் படியும். தொடங்கிய இடத்தில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும். வால் நுனியில் தட்டையாகி உருமாறியிருக்கும். வாலுக்குச் சற்று முன்னால்தான் அவை பக்கம் பக்கமாகப் பரவிக் கிடக்கும். அந்தச் சிறிய பகுதியில் பார்த்துச் சொல்வதையே நம்பலாம்.

சாயம் ஏற்றுவது

சாயம் இல்லாவிட்டால் வெள்ளையணுக்கள் ஏறத்தாழ நிறமற்றவை. எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளமைப்பு தெளியாது. நம் ஊர் லேப்களில் பரவலாகப் பயன்படும் லீஷ்மன் சாயத்தை, பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் 1901-இல் அறிமுகப்படுத்தினார். அதில் இரண்டு வகை நிறமிகள் உண்டு. அமிலத் தன்மையுள்ள ஈயோசின், ஹீமோகுளோபினைப் பற்றி இளஞ்சிவப்பாக்கும். காரத் தன்மையுள்ள மெத்திலீன் நீல வகை, உட்கருவின் டிஎன்ஏ-வைப் பற்றி ஊதாவாக்கும். சாயத்தைக் கரைக்கப் பயன்படும் மெத்தனால், அணுக்கள் சிதையாமல் ஸ்லைடில் நிலைக்கச் செய்யும். பிறகு சேர்க்கும் நீரின் பிஎச் அளவும் முக்கியம். அமிலம் கூடினால் எல்லாம் சிவந்து போகும். காரம் கூடினால் எல்லாம் நீலம் பாரிக்கும்.

பார்ப்பது

முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் ஸ்லைடை ஒரு சுற்று பார்த்துவிட்டு, 100 மடங்கு வில்லைக்கு மாறுவார்கள். வில்லைக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு துளி எண்ணெய் விடுவார்கள். கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் போகும் ஒளி விலகி வீணாகும். இந்த எண்ணெயின் ஒளிவிலகல் எண் கண்ணாடியின் எண்ணை ஒத்தது என்பதால் ஒளி நேராக வில்லைக்குள் சேரும். கண்ணருகு வில்லையின் 10 மடங்கையும் சேர்த்தால் மொத்தம் 1000 மடங்கு. சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பால், சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குள் நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. 1000 மடங்கை வெகுவாகத் தாண்டிப் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர் என்பதால் இந்த வேலைக்கு இதுவே போதும்.

சிவப்பணுவின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெளிறியிருப்பது இயல்பு. இரும்புச்சத்து குறைந்தால் அணு சிறுத்து, வெளிறல் பரவும். பி12 குறைந்தால் அணு பெருத்து முட்டை வடிவாகும். மலேரியாவில் அணுவுக்குள் சிறு வளையம் போல ஒட்டுண்ணி தெரியும். நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் காணப்படும் அரிவாள் அணு நோயை, மருத்துவ இதழில் முதலில் விவரித்தவர் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக். ஒரு நோயாளியின் ரத்தத்தில் மைக்ராஸ்கோப்பில் தெரிந்த வளைந்த சிவப்பணுக்களைக் கொண்டே 1910-இல் அவர் அதை எழுதினார்.

பிளேட்லெட் எண்ணிக்கையையே எல்லோரும் கவனிக்கும் டெங்கு காலத்தில் ஸ்மியருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் சேர்க்கும் இடிடிஏ, சிலருடைய ரத்தத்தில் தட்டணுக்களை (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். கொத்தாக ஒட்டியவற்றை இயந்திரம் தட்டணுவாகவே எண்ணாது. ‘பிளேட்லெட் குறைவு’ என்று காட்டும். ஸ்மியரில் அந்தக் கொத்துகள் பளிச்சென்று தெரியும். இடிடிஏ-வுக்குப் பதில் சிட்ரேட் உள்ள குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து எண்ணினால் பெரும்பாலும் உண்மை விளங்கிவிடும்.

ஆகவே, எதிர்பாராமல் பிளேட்லெட் எண்ணிக்கை மிகக் குறைவாக வந்தால், பதறுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஸ்மியர் பார்த்துவிட்டார்களா?”