கம்புக்கு முன்னால் காலடி!

விடுமுறை வந்தாலே, 'பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்க்கலாமா?' என்று யோசிக்கும் பெற்றோர் இன்று அதிகம். தமிழக அரசு வேலைக்கான 3 சதவிகித விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் அது டெமோ விளையாட்டாக இடம்பெற்றது. அதனால் 'எப்போ மெடல் வரும்?' என்ற கேள்வி, சேர்ந்த வாரமே வந்துவிடுகிறது.

ஆனால், முறையாகக் கற்றுத்தரும் இடத்தில் முதலில் வணக்கம். அடுத்தது காலடி. "இன்னைக்கும் காலடிதானா?" என்று பிள்ளை சலித்துக்கொள்ளும். கம்பைச் சுழற்றுவது கைதான். அதற்கு வலு தருவதோ இடுப்பும் காலும். எதிராளியின் வீச்சிலிருந்து விலகுவதும் காலால்தான். கால் பழகாமல் கை சுழன்றால், கம்பு சொந்த முழங்காலையே பதம் பார்க்கும்.

திட்டக்குடிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பக்கத்து விருத்தாசலம், பீங்கானுக்குப் பேர்போன ஊர். அச்சில் வார்த்த பொம்மை சரியாகக் காயாமல் சூளைக்குள் போனால் விரிசல் விடும். காயவைக்கும் நாட்களை அங்கே யாரும் வீண் என்று சொல்வதில்லை. காலடி பழகும் நாட்களும் அப்படித்தான்.

தொட்டால் போதும்

அடுத்த பாடம், அடக்கம். எதிராளியின் நெற்றியில் பொட்டு வைப்பதுபோலக் கம்பு நுனியால் தொடுவது, சிலம்பப் போட்டியில் பெரிய திறமை. தொட வேண்டும், மண்டையை உடைக்கக் கூடாது. வேகமாக வரும் கம்பை நினைத்த இடத்தில் நிறுத்தப் பல மாதப் பயிற்சி வேண்டும். கோபத்தில் இருப்பவரால் அது முடியாது.

தற்காப்புக்காக மகளைச் சேர்ப்பவர்களும் இதை மனதில் வையுங்கள். இரண்டு மாத வகுப்பு யாரையும் சண்டைக்குத் தயார்செய்யாது. ஆபத்தைக் கவனிப்பது, எட்டி நிற்பது, விலகிப் போவது... இவைதான் முதலில் கைவர வேண்டும்.

சேர்க்கும் முன் கவனியுங்கள்

* கம்பு பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றதா? நெற்றி உயரம் இருந்தால் பொதுவாகச் சரியாக இருக்கும்.
* ஒருவர் கம்பு இன்னொருவர் மேல் படாத அளவுக்கு இடைவெளி விடுகிறார்களா?
* ஜோடியாக மோதும்போது தலைக்கவசம் உண்டா?
* சேர்ந்த சில வாரங்களிலேயே தீப்பந்தம், மணிக்கணக்கில் சுழற்றும் 'சாதனை' நிகழ்ச்சி என்று அழைத்தால், ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் "யாரை ஜெயிச்சே?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்குக் கத்துக்கிட்ட காலடியைச் செஞ்சு காட்டு, பார்க்கலாம்" என்று கேளுங்கள். அந்த உற்சாகத்தில் மறுநாள் தானாகக் கிளம்பும்.