பழைய கிற்றாரின் ஒட்டுவேலையைக் களையாதீர்கள்

கொழும்பில் பழைய மின்கிற்றார் ஒன்று கைமாறும்போது முதலில் கேட்கப்படுவது, "என்ன மேக்?" என்பதுதான். தலைப்பகுதியில் பெண்டர் என்றோ கிப்சன் என்றோ எழுதியிருந்தால் ஒரு விலை, எழுத்து அழிந்து போயிருந்தால் இன்னொரு விலை. அடுத்த கேள்வி, "உள்ளுக்குள்ள எல்லாம் ஒரிஜினலா?" இரண்டுமே அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் சந்தையில் பிறந்த கேள்விகள். 1965இல் பெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் வாங்கியதற்கு முன் செய்த கிற்றாருக்கு அங்கே தனி மவுசு. அசல் பூச்சைச் சுரண்டி மறுபடி வர்ணம் அடித்திருந்தால் மதிப்பு ஏறக்குறையப் பாதியாகும் என்பது அவர்களுடைய வழக்கமான கணக்கு. அந்த அளவுகோலைக் கொண்டுவந்து கொழும்பின் புறக்கோட்டைக் கடைத்தெருவில் வைத்து அளப்பது பிழை. இந்த ஊரில் தப்பிப் பிழைத்த கருவிகளை வாசிக்கக்கூடியவையாக வைத்திருந்தது பிற்காலத்து ஒட்டுவேலை. திருத்த உட்காருகிறவர் முதலில் காப்பாற்ற வேண்டியதும் அந்த ஒட்டுவேலையைத்தான்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1960களில் மின்கிற்றார் இலங்கைப் பாட்டுக்குள் புகுந்தது. சிங்களத்தில் க்ளரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு அதைக் கொண்டுவந்தார். தமிழில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், திருகோணமலைப் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் என்று பொப்பிசை கிளம்பியது. கிற்றாருக்கான ஆசை வளர்ந்த அதே வருடங்களில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1970இல் பதவிக்கு வந்த அரசு கதவை இன்னும் இறுக்கியது. வெங்காயமும் மிளகாயும் வருவதற்கே தடை இருந்த காலத்தில், கிற்றாரின் உதிரிப்பாகத்துக்கு அனுமதிப்பத்திரம் கேட்டு யார் வரிசையில் நின்றிருப்பார்கள்? ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வொல்யூம் பொட் தேய்ந்தால் றேடியோவின் பொட் ஏறியது. சாவி உடைந்தால் வேறொரு கருவியின் சாவி வந்தது. 1977இன் இறுதியில் பொருளாதாரம் திறக்கப்படும்வரை இதுதான் வழி. பிறகு 1983 ஜூலை இனக்கலவரம். புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தபோது சாமானோடு கணக்குப் புத்தகங்களும் பற்றுச்சீட்டுகளும் எரிந்தன. எந்தக் கிற்றார் எப்போது, யார் கைவழியாக வந்தது என்று காட்டக்கூடிய கடதாசி பெரும்பாலும் இல்லை. மிஞ்சிய ஒரே ஆவணம் கிற்றாரின் உடம்பு.

அந்த உடம்பை வாசிக்கலாம். பின்புறம் நெக்கைப் பிடித்திருக்கும் தகட்டில் 'ஸ்டீல் ரீஇன்போர்ஸ்ட் நெக்', 'மேட் இன் ஜப்பான்' என்று மட்டும் பொறித்து, தொடர் இலக்கம் இல்லாதிருந்தால் அது பெரும்பாலும் 1960களின் ஜப்பான் சரக்கு. சாவிகள் ஒரு பக்கம் நான்கும் மறுபக்கம் இரண்டுமாக இருந்தால் டெயிஸ்கோவைச் சந்தேகிக்கலாம். 1946இல் தொடங்கி 1967இல் கவாய் நிறுவனத்திடம் போன பெயர் அது. ஒரே தொழிற்சாலையில் செய்த கிற்றார்கள் கென்ட், சில்வர்டோன், கிங்ஸ்டன் என்று இறக்குமதியாளருக்கு ஒரு பெயர் சூடி வெளியே போனதால், தலையில் உள்ள எழுத்தைவிட, தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பின் வடிவமும் பிரிட்ஜின் வார்ப்பும் நம்பத்தக்க சாட்சிகள். அமெரிக்கக் கிற்றார் என்று சொல்லப்பட்டால் மூடியைத் திறந்து பொட்டின் முதுகைப் பார்க்க வேண்டும். 1376633 என்றிருந்தால் 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 66 என்பது வருடம், 33 என்பது வாரம். கவனம், அது பொட்டின் பிறந்தநாள். பெண்டர் 1966இல் பொட்டுகளை மொத்தமாக வாங்கிச் சில வருடங்கள் வைத்துப் பாவித்தது. ஆகவே கிற்றார் அந்த வாரத்துக்கு முந்தியதாக இராது என்று மட்டுமே சொல்லலாம். அதுவும் ஈயப்பற்று கலைக்கப்படாமல் இருந்தால்தான். பூச்சைச் சோதிக்க, கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் காசாளர் மேசையில் வைத்திருக்கும் ஊதாக்கதிர் விளக்கே போதும். பழைய நைட்ரோசெலுலோஸ் பூச்சு அதன் கீழே பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னர் தொட்ட இடம் திட்டாகத் தனித்துத் தெரியும்.

இந்தச் சோதனைகளால் ஒட்டுவேலைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும்போது, அவற்றைக் களைந்து வெளிநாட்டிலிருந்து 'காலத்துக்குப் பொருத்தமான' பாகங்களைத் தருவிக்க ஆசை வருகிறது. அப்படிச் செய்தால் கையில் மிஞ்சுவது அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இதைவிட நல்ல நிலையில் கிடைக்கும் ஒரு கிற்றாரின் நகல். 1970களின் கொழும்பு அதிலிருந்து போய்விடும். திருத்துகிறவர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பு நியாயமானது: வேலை செய்யாத ஒட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் கம்பி ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் தடிப்புத்தான், தலைமுடியளவு, ஆயிரக்கணக்கான சுற்று. கடற்கரை ஊரின் உப்புக்காற்றும் கைவியர்வையும் ஓரிடத்தில் அரித்தால் போதும், பிக்கப் ஊமையாகிவிடும். மின்விசிறி மோட்டார் சுற்றும் தடித்த கம்பியால் மறுபடி சுற்றினால் அதே கூட்டுக்குள் குறைந்த சுற்றே அடங்கும், ஒலி மெலியும். அப்படிச் சுற்றிய பிக்கப் இன்றும் பாடினால் விட்டுவிட வேண்டும். அறுந்திருந்தால் சரியான கம்பியால் சுற்றலாம், தயக்கம் வேண்டாம். உடைந்ததை மாற்றலாம், பழையதைப் பையிலிட்டு கிற்றாரோடு கொடுக்க வேண்டும். புதுத் துளை போடக்கூடாது. பூச்சைச் சுரண்டவே கூடாது. பிரெட்களைச் சமப்படுத்துவது, நெக்கின் சாய்வைத் திருத்துவது, சுவிட்சைக் கழுவுவது, தரைக்கம்பியை ஒழுங்காக இணைப்பது எல்லாம் தயங்காமல் செய்யவேண்டியவை. முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய கண்டென்சர் இன்னும் உழைக்கிறதென்றால் அது அங்கேயே இருக்கட்டும்.

மலிவான ஜப்பான் கிற்றாருக்கு இத்தனை மரியாதை தேவையா என்று கேட்பவர்களும் உண்டு. விஷ்வ மோகன் பட்டோடு 1993இல் வெளியான இசைத்தட்டால் இந்தியாவில் அறியப்பட்ட அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் ரை கூடர், தன் பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நெக்கின் பக்கம் பொருத்தியிருப்பது டெயிஸ்கோவின் பொன்னிறத் தகடு போட்ட பிக்கப். ஒரு காலத்தில் கழித்துக்கட்டப்பட்ட அந்தப் பாகத்தின் ஒலிக்காகவே இன்று பல கம்பெனிகள் அதைப்போலச் செய்து விற்கின்றன. மலிவு என்பது அன்றைய விலை மட்டுமே. இதைவிடப் பலமான எதிர்ப்பு வாங்குகிறவர் பக்கத்திலிருந்து வருகிறது: ஒட்டுவேலையை வரலாறு என்று புகழ்ந்தால் ஏமாற்றுகிறவனுக்கு வாய்ப்பாகாதா? ஆகும், ஒட்டு மறைக்கப்பட்டால். இதற்கு முறிவு எழுத்துத்தான். எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எது ஐயத்துக்குரியது என்று ஒரு தாளில் எழுதி, திறந்த மூடிகளின் படங்களோடு கிற்றாரின் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அடுத்தவர் கண்ணைத் திறந்துகொண்டே வாங்குவார். தலைப்பகுதியில் யாரோ ஒட்டிய பொய்யான பெண்டர் எழுத்தையும் இந்த விதிக்குள்தான் அடக்க வேண்டும். மேடையில் நின்ற ஒரு இளைஞனின் கனவாக அது இருந்திருக்கலாம், உரித்தெறிய அவசியமில்லை. ஆனால் தாளின் முதல் வரியில் 'எழுத்து பொய், கிற்றார் ஜப்பான்' என்று இருக்க வேண்டும், விலையும் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும்.