கோடு கிழிக்கும் கை

வைகையின் வடகரையில், தறியோசைக்கும் கபடி வீரர்களுக்கும் பேர்போன செல்லூரில், ஒன்பது தெருக்களை மட்டும் பேச்சுக்காக எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தெருவிலும் வாக்காளர் தொகை சமம் என்றும், நான்கு தெருக்கள் ஒரு கட்சியின் பக்கமும் ஐந்து தெருக்கள் அதற்கு எதிரான கட்சியின் பக்கமும் உறுதியாக நிற்கின்றன என்றும், மூன்று தெருக்களுக்கு ஒருவர் வீதம் மூன்று பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து தெருக்காரர்களே பெரும்பான்மையோர் ஆகையால், மூன்று ஸ்தானங்களில் இரண்டேனும் அவர்களுக்குக் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தொகுதிக்கு எல்லை வகுக்கும் அதிகாரம் நான்கு தெருக்காரர்களின் கையில் இருக்குமானால், அவர்கள் எதிர்த்தரப்பின் ஐந்து தெருக்களில் மூன்றை ஒரே தொகுதிக்குள் அடைத்துவிட்டு, மிஞ்சிய இரண்டையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் தங்கள் தெருக்கள் இரண்டிரண்டுடன் சேர்த்துவிடுவார்கள். நால்வருக்கு இரண்டு ஸ்தானம், ஐவருக்கு ஒன்று! கள்ள வாக்கு ஒன்றுகூட விழவில்லை, யாருக்கும் பணம் கொடுக்கப்படவில்லை, எண்ணியதில் பிழையில்லை, ஆயினும் வாக்குச்சாவடி திறப்பதற்கு முன்பே தேர்தலின் முடிவு எழுதப்பட்டுவிட்டது.

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கவர்னராயிருந்த எல்பிரிட்ஜ் கெர்ரி என்பவர், தம் கட்சிக்கு அனுகூலமாக எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு தொகுதியை வளைத்தும் நெளித்தும் வகுத்த சட்டத்துக்கு 1812-இல் கையெழுத்திட்டார். அந்தத் தொகுதியின் உருவத்துக்குச் சிறகும் நகமும் வரைந்து ஒரு விநோதப் பிராணியாக்கிப் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகையொன்று சித்திரம் வெளியிட்டது. அன்று முதல் அவர் பெயரை ஒட்டி 'ஜெர்ரிமாண்டரிங்' என்று இந்தத் தந்திரம் வழங்கலாயிற்று. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அது அங்கே ஒழியவில்லை. காரணம் எளிது: அந்நாட்டின் மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் மத்திய பிரதிநிதி சபைக்குரிய தொகுதிகளை வகுப்பது மாநிலச் சட்டசபையே, சட்டசபையில் பெரும்பான்மை எந்தக் கட்சிக்கோ, வரைபடமும் அந்தக் கட்சிக்கே. கெர்ரியின் காலத்தில் ஊகத்தால் செய்ததை இன்று கம்ப்யூட்டரின் துணையோடு, எந்தத் தெரு எந்தக் கட்சிக்கு வாக்களிக்கும் என்பதைத் துல்லியமாகக் கணித்தே செய்கிறார்கள்.

அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1964-இல், தொகுதிகள் ஜனத்தொகையில் சமமாக இருந்தே தீரவேண்டும் என்று தீர்ப்பளித்தது, மகத்தான தீர்ப்புதான். ஆனால் செல்லூரின் ஒன்பது தெருக்களும் சமமாக இருந்தும் அநியாயம் நிகழ்ந்ததை நாம் மேலே பார்த்தோம். தொகை சமமாயிருப்பது மட்டும் நியாயத்துக்குப் போதாது. கோட்டைக் கிழிப்பவருடைய நோக்கமும் பார்க்கப்பட வேண்டும். அந்த நோக்கத்தை விசாரிக்கும் பொறுப்பைத்தான் அதே நீதிமன்றம் 2019-இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் கைவிட்டது. கட்சி லாபத்துக்காகத் தொகுதி வகுப்பது ஜனநாயகத்துக்கு ஒவ்வாததாயினும், அதை அளந்து தீர்ப்புச் சொல்லும் அளவுகோல் மத்திய நீதிமன்றங்களிடம் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள்.

அதன் விளைவை 2025-இல் உலகம் கண்டது. ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லைகளை மாற்றுவதே வழக்கமாயிருக்க, டெக்ஸாஸ் மாநிலத்தின் 38 ஸ்தானங்களில் 25-ஐ ஏற்கெனவே வைத்திருந்த குடியரசுக் கட்சி, மேலும் ஐந்தைப் பெறும் நோக்கத்துடன் இடையிலேயே புது வரைபடம் வகுக்கத் துணிந்தது. ஜனநாயகக் கட்சியின் சட்டசபை உறுப்பினர்கள், சபை கூடுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை இல்லாதபடி செய்வதற்காக, ஆகஸ்டு மாதத்தில் மாநிலத்தை விட்டே வெளியேறினார்கள்; நாட்கள் கழிந்தன; திரும்பினார்கள்; வரைபடம் நிறைவேறியது. பதிலுக்குக் கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சியினர் தங்களுக்கு ஐந்து ஸ்தானங்கள் கூடும்படியான வரைபடத்தை நவம்பரில் வாக்காளர்களின் சம்மதத்துக்கு வைத்து வெற்றி பெற்றார்கள். கலிபோர்னியாவில் தொகுதி வகுக்கும் பணி கட்சிகளின் கையிலிருந்து பிடுங்கப்பட்டுப் பொதுமக்கள் குழு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்தக் குழுவின் வரைபடம்தான் இப்போது ஒதுக்கி வைக்கப்பட்டது. டெக்ஸாஸில் நடந்த அநீதியைக் காட்டிலும் இதுவே என் நெஞ்சை அதிகமாக வருத்துகிறது. ஒரு தரப்பின் அதர்மத்துக்கு மறுதரப்பு அதர்மத்தாலேயே பதில் சொன்னபோது, நல்ல முறையை நிலைநாட்டியிருந்த மாநிலமே அதைக் கைவிட நேர்ந்தது.

நம் தேசத்தில் இந்த விஷயம் வேறு வழியில் சென்றது. அதற்காக நாம் நம் முன்னோருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். முதல் பொதுத்தேர்தலுக்காக ஜனாதிபதியின் உத்தரவுகளால் வகுக்கப்பட்ட தொகுதிகளில் பார்லிமெண்டு கைவைத்துத் திருத்தங்கள் செய்தது. அத்தகைய தலையீட்டுக்கு இடமில்லாதபடி 1952-இல் சட்டமியற்றி, தொகுதி மறுவரையறைக் குழு என்னும் சுதந்திர ஸ்தாபனத்தை அமைத்தார்கள். அதன் தலைமையைச் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாயிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்கு உயர்ந்த என். சந்திரசேகர ஐயர் ஏற்றார். இன்றளவும் முறை அதுவே: நீதிபதி ஒருவர் தலைமை வகிக்க, தேர்தல் ஆணையத்தைச் சேர்ந்தவர்கள் உடனிருக்க, மாநிலத்துக்கு ஐந்து பார்லிமெண்டு உறுப்பினர்களும் ஐந்து சட்டசபை உறுப்பினர்களும் துணை உறுப்பினர்களாக அமர்ந்து அபிப்பிராயம் சொல்லலாம், ஆனால் வாக்களிக்கவோ கையெழுத்திடவோ அவர்களுக்கு உரிமையில்லை. அரசியல்வாதி பேசலாம், கோடு கிழிக்கலாகாது என்பதே இதன் ஸாரம்.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான குழு வகுத்து 2008 பிப்ரவரி 19-இல் அமலுக்கு வந்த எல்லைகளைத்தான் மதுரைக்காரர்கள் இப்போது அனுபவித்துவருகிறோம். சமயநல்லூரும் சேடபட்டியும் தொகுதிப் பட்டியலிலிருந்து மறைந்தன. மதுரை வடக்கும் மதுரை தெற்கும் புதிதாகத் தோன்றின. திருப்பரங்குன்றத்தில் குடியிருப்பவர் மதுரை மாநகராட்சிக்கு வரி கட்டுகிறார், மதுரை மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறார், ஆனால் பார்லிமெண்டுக்கு மட்டும் விருதுநகர் தொகுதிக்கு வாக்களிக்கிறார். மதுரை எய்ம்ஸ் மருத்துவமனைக்குத் தேர்ந்தெடுத்த தோப்பூரும் விருதுநகர் உறுப்பினருடைய எல்லைக்குள்தான் இருக்கிறது. திருமங்கலமும் அவ்வாறே, சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனிக்குப் போய்விட்டன.

இதில் கட்சிச் சூழ்ச்சி ஏதும் உண்டோ என்று ஐயுறுவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சட்டசபைத் தொகுதிகள் 234, லோக்சபா தொகுதிகள் 39. ஒவ்வொரு லோக்சபா தொகுதிக்கும் ஆறு சட்டசபைத் தொகுதிகள் சரியாக அமைகின்றன. மதுரை மாவட்டத்துக்குப் பத்து சட்டசபைத் தொகுதிகள். ஆறு மதுரைக்குப் போக எஞ்சிய நான்கு, அண்டைத் தொகுதிகளுக்குச் சென்றே தீரவேண்டியிருந்தது; அவை இரண்டு தொகுதிகளுக்கு இரண்டிரண்டாகச் சென்றன. மக்களுக்கு இதனால் அசௌகரியம் உண்டு, வஞ்சனை இல்லை. டெக்ஸாஸுக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் உள்ள தூரம் இதுதான்.

ஆகவே எல்லைக்கோட்டைப் பொறுத்தவரை நாம் பெரும்பாலும் தப்பித்தோம். நம்முடைய சச்சரவு வேறிடத்தில் இருக்கிறது: எந்த மாநிலத்துக்கு எத்தனை ஸ்தானம்?

1962 தேர்தலில் சென்னை மாநிலம் லோக்சபாவுக்கு 41 பேரை அனுப்பியது. ஜனத்தொகை விகிதம் குறைந்த காரணத்தால் 1967-இல் அது 39 ஆயிற்று. ஆந்திரத்துக்கும் 43-இலிருந்து இரண்டு குறைந்தன. குடும்பக் கட்டுப்பாட்டை முனைந்து நிறைவேற்றும் மாநிலம் அதற்காகவே பிரதிநிதித்துவத்தை இழப்பது தகாது என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்று, 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கின்படியான ஸ்தானங்களை நிலைநிறுத்தியது. 84-ஆவது திருத்தம் அந்த ஏற்பாட்டை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. இழந்த அந்த இரண்டு ஸ்தானங்களை மறவாமல் நினைவூட்டியது நம் ஊரிலுள்ள நீதிமன்றமே. தென்காசித் தொகுதியின் தனித்தொகுதி அந்தஸ்து பற்றிய வழக்கொன்றில், சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையைச் சேர்ந்த நீதிபதிகள் கிருபாகரனும் புகழேந்தியும் 2021 ஆகஸ்டில், பதினான்கு தேர்தல்களில் தமிழ்நாடு 28 பிரதிநிதிகளை இழந்திருக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கு ஈடாக 5,600 கோடி ரூபாய் ஏன் வழங்கலாகாது என்று மத்திய அரசை வினவினார்கள். பிரதிநிதித்துவத்தை ரூபாயால் அளக்கலாமா என்று சிலர் கேட்கலாம்; 1999 ஏப்ரலில் வாஜ்பாயி அரசாங்கம் ஒரே வாக்கில் கவிழ்ந்ததை நினைத்தால், இரண்டு ஸ்தானத்தின் மதிப்பு எவ்வளவென்று விளங்கும்.

வடநாட்டார் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7.21 கோடி, ராஜஸ்தானின் ஜனத்தொகை 6.85 கோடி, ஏறக்குறைய சமம். நமக்கு 39 பேர், அவர்களுக்கு 25 பேர். நம் உறுப்பினர் ஒருவர் சுமார் பதினெட்டரை லட்சம் பேருக்காகப் பேச, ராஜஸ்தானத்து உறுப்பினர் இருபத்தேழு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகப் பேசுகிறார். ஒருவருக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு என்பது ஜனநாயகத்தின் அஸ்திவாரமாயின், ராஜஸ்தானத்து விவசாயிக்கு நாம் என்ன சமாதானம் சொல்வது? மறுபுறம், இருக்கும் 543 ஸ்தானங்களை அப்படியே வைத்துக்கொண்டு 2011 கணக்குப்படி பங்கிட்டால் தமிழ்நாட்டுக்கு 32-தான் எஞ்சும்; தேசம் கேட்டுக்கொண்டதைச் செய்து முடித்த மாநிலத்துக்கு ஏழு ஸ்தானம் அபராதமா?

2025 பிப்ரவரியில் கோயமுத்தூருக்கு வந்த உள்துறை அமைச்சர் அமித் ஷா, விகிதாசாரப்படி தென்மாநிலங்கள் ஒரு ஸ்தானத்தையும் இழக்கமாட்டா என்று உறுதி கூறினார்; முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மார்ச் 5-இல் சர்வகட்சிக் கூட்டத்தைக் கூட்டினார். ஜென்ம வைரிகளான தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் அங்கே ஒரே அபிப்பிராயத்தில் நின்றன. பாரதிய ஜனதா வரவில்லை. மார்ச் 22-இல் கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்களும் சென்னையில் கூடி, 1971 ஏற்பாடே மேலும் நீடிக்க வேண்டுமென்று கோரினார்கள். ஆனால் ஒரு ஸ்தானமும் குறையாது என்ற வாக்குறுதி போதாது. மொத்த ஸ்தானங்களைப் பெருக்கி, நமக்குச் சில கூட்டி, பிறருக்குப் பல கூட்டினால், எண்ணிக்கை குறையாமலே பங்கு குறைந்துவிடும். காக்கப்பட வேண்டியது பங்குதான். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை ஸ்தானங்கள் மாநிலம் விட்டு மாநிலம் நகர்கின்றன என்பது மெய்யே. 2020 கணக்குக்குப் பின் கலிபோர்னியாகூட ஒன்றை இழந்தது. ஆனால் அங்கே செனட் சபையில் பெரிய மாநிலத்துக்கும் சிறிய மாநிலத்துக்கும் சமமாக இருவர் என்ற அரண் உண்டு. நம் ராஜ்யசபையில் அத்தகைய அரண் இல்லை. வடநாட்டு வாக்காளருடைய குறையைத் தீர்க்க அவர்களுடைய சட்டசபைத் தொகுதிகளைப் பெருக்கலாம். அதனால் அவர்களுக்குப் பிரதிநிதி அருகில் கிடைப்பார், வேறெந்த மாநிலத்துக்கும் நஷ்டமில்லை.

தலைகளை எண்ணுவதிலேயே எவ்வளவு பெரிய அநீதி ஒளிந்திருக்கக்கூடும் என்பதை இலங்கையின் மலையகத் தமிழர் வரலாறு காட்டுகிறது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த அவர்களில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோயிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் வென்று பார்லிமெண்டில் அமர்ந்த அவர்களுடைய கட்சிக்கு 1952-இல் ஒரு ஸ்தானமும் கிடைக்கவில்லை. ஆனால் தொகுதிகளை வகுக்கும்போது எண்ணப்பட்டது ஜனத்தொகை. அதில் வாக்கற்ற தோட்டத் தொழிலாளரும் சேர்ந்தார்கள். ஆகவே மலைநாட்டுக்கு ஸ்தானங்கள் பெருகின. அவற்றை நிரப்பும் உரிமையோ அங்கிருந்த சிங்கள வாக்காளருக்கே இருந்தது. ஒருவனுடைய வாயைக் கட்டிவிட்டு, அவன் தலையை மட்டும் எண்ணி, அந்த எண்ணிக்கையின் பலத்தை மற்றொருவனுக்குக் கொடுத்த கொடுமை அது. அங்கே கோடு நெளியவே இல்லை.

நம் குழு முறையும் பழுதே நேராத பொருளன்று. ஜம்மு-காஷ்மீரில் 2022-இல் நடந்த மறுவரையறையில், ஜனத்தொகை குறைந்த ஜம்மு பகுதிக்கு ஆறு புதிய ஸ்தானங்களும், அதிகமான காஷ்மீர்ப் பகுதிக்கு ஒன்றும் கிடைத்தன. 2023-இல் அஸ்ஸாமில் 2001-ஆம் ஆண்டின் பழைய கணக்கைக் கொண்டு தேர்தல் ஆணையமே எல்லைகளை மாற்றியபோது, இது ஆளுங்கட்சிக்கு அனுகூலமென்று எதிர்க்கட்சிகள் முறையிட்டன. குழுவின் உத்தரவை எந்த நீதிமன்றத்திலும் ஆட்சேபிக்க முடியாது என்பது 1966-இலிருந்து நிலைத்த விதி. வெளிப்படையான தன்னிச்சைப் போக்கு தெரிந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024-இல் சிறிது கதவைத் திறந்தது. அந்தக் கதவு இன்னும் அகலத் திறக்கப்பட வேண்டும். எந்தக் காரணத்தால் எந்த ஊர் எந்தத் தொகுதிக்குப் போகிறது என்பதைக் குழு எழுத்தில் சொல்லவேண்டும் என்பதையும் சட்டமாக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். மறுவரையறைக் குழு தன் உத்தேச வரைபடத்தை அரசிதழில் வெளியிட்டாக வேண்டும். துணை உறுப்பினர்கள் விரும்பினால், அவர்கள் மாறுபட்டு எழுதியதையும் உடன் வெளியிட வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபங்களை ஏற்று, பகிரங்கமாக அமர்ந்து விசாரிக்க வேண்டும். சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் இந்த வாய்ப்பைக் கட்சிக்காரர்கள் மட்டுமே பயன்படுத்திக்கொள்கிறார்கள். அடுத்த வரைபடம் வெளியாகும் நாளில் செல்லூர்க்காரரும் திருப்பரங்குன்றத்தாரும் உசிலம்பட்டியாரும் தத்தம் தெரு எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்று பாருங்கள். குறை தெரிந்தால் கெடு தேதிக்குள் எழுதி அனுப்புங்கள். விசாரணை நாளில் நேரில் சென்று பேசுங்கள்.