வீதியில் கிடக்கும் பாறை யார் பொறுப்பு?

2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 14 பேர் இறந்தார்கள். நல்ல பகல் வெளிச்சம். மேட்டிலிருந்து முன்பே சரிந்த பாறையொன்று வீதியின் ஒரு பக்கத்தை அடைத்துக் கிடந்தது. மிச்சமிருந்த இடத்தில் எதிரே வந்த டிப்பருக்கு ஒதுங்கப் போனபோது பஸ்ஸின் பின்சக்கரம் விளிம்பைத் தாண்டிவிட்டது. சாரதியைக் குறை சொல்லலாம், சொல்லத்தான் செய்தோம். பாறையை அங்கே கிடக்கவிட்டது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

ஊவாவில் குளிர்காலம் என்றால் மழைக்காலம்தான். ஒக்டோபரில் இடைப்பருவ மழை, டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29. டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சின்னாபின்னமாக்கியது 2025 நவம்பர் இறுதி. ஆண்டின் இந்தப் பகுதியில் மலை ஊறிக் கனத்திருக்கிறது. வீதிக்காக வெட்டிய மண்மேடுதான் முதலில் சரிகிறது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக விடுக்கிறது. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150ஐத் தொட்டாலோ ஒரே மணிநேரத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு. வீட்டிலிருப்பவருக்குத்தான் இது என்று பயணிகள் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பெரகலையிலிருந்து பதுளைக்கு வருகிறவர் ஹல்துமுல்லை, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, ஹாலிஎல என்று ஐந்து பிரிவுகளைக் கடக்கிறார். அதில் ஒன்று செம்மஞ்சளில் இருந்தாலும் இரவுப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்தி. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் கேட்கலாம். தார் வீதியில் புது வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், மேட்டிலிருந்து திடீரெனக் கலங்கி வரும் ஊற்று இவற்றைக் கண்டால் அந்த இடத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விலகிப் போய், பிறகு அழையுங்கள்.

மூடுபனியில் பெரிய வெளிச்சம் போட்டால் பனிதான் வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும், விளக்கைத் தாழ்த்துங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல் கியரைக் குறையுங்கள். பயணிக்கும் இதில் பங்குண்டு: சாரதி வளைவில் முந்தினால் "மெதுவா போங்க" என்று சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. பஸ் பற்றிய முறைப்பாட்டுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் எண் 1955.

இனி அந்தப் பாறை. பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றன. அடுத்த தர வீதிகள் மாகாணத்திடம், ஊர்ப் பாதைகள் பிரதேச சபையிடம். தோட்டத்துப் பாதை என்று வந்தால்தான் எல்லோரும் கைவிரிக்கிறார்கள். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று பிரதேச சபைகள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாக்குக்கு இடமில்லை. பணம் இல்லை என்பார்கள். அது வேறு பேச்சு.

வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து, திகதியிட்ட பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்த மேட்டைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், பாறை விழுந்ததாக எப்போது அறிவிக்கப்பட்டது, என்ன செய்தீர்கள் என்று தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். இந்த முறைப்பாட்டுப் பிரதியும் பதிலும் பின்னால் பெறுமதியாகும்: விபத்து நடந்தால், அலுவலகத்துக்கு ஆபத்து முன்பே தெரியும் என்பதற்கு அவையே சாட்சி.

விபத்து நடந்துவிட்டால், முதலில் 1990 அம்பியூலன்ஸ், 119 பொலிஸ். காயத்துக்கோ மரணத்துக்கோ நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். பலர் பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தே இதை இழக்கிறார்கள். வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம், எனவே காப்புறுதி நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ அடிபட்ட தொழிலாளிக்கு இன்னொரு வழியும் உண்டு: 2022இல் திருத்தப்பட்ட வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் அந்தப் பயணத்தையும் உள்ளடக்குகிறது. கொழுந்து மடுவத்துக்கு டிராக்டரில் போனவருக்கும் இது பொருந்தும். தோட்ட நிர்வாகம் தானாகச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

பொலிஸில் வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதியதை வாசித்து விளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பாறை கிடந்த இடம், வெளிச்சம், எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்பதெல்லாம் அந்த வாக்குமூலத்தில் இருக்கவேண்டும்.