இலவச இதயமும் திருப்பித் தரும் கடனும்

2012 ஜூலை இறுதியில், தென் கொரியாவின் 'ககாவோடாக்' என்ற செய்திச் செயலி தனக்குள்ளேயே ஒரு விளையாட்டுத் தளத்தைத் திறந்தது. அதில் வந்த 'அனிபாங்' மிக எளிய ஆட்டம். கட்டங்களில் உள்ள விலங்கு முகங்களை நகர்த்தி, ஒரே மாதிரியான மூன்றை வரிசையில் சேர்த்தால் புள்ளி கிடைக்கும். ஒரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். மூன்றைச் சேர்க்கும் ஆட்டங்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உலகெங்கும் இருந்தன. ஆனாலும் சில வாரங்களுக்குள் கைபேசியில் விளையாடியே பழகாத நடுத்தர வயதினர்கூட அனிபாங்கில் மூழ்கினார்கள். பழைய ஆட்டம் ஒன்று திடீரென ஒரு நாட்டையே பிடித்துக்கொண்டதற்கு ஆட்டத்தின் சுவையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அது யார் மூலம் வந்தது, எப்படி வந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. செய்திச் செயலிக்குள் விளையாட்டு நுழையும்போது, மனிதர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் கடமை உணர்வே அந்த விளையாட்டை ஓட்டும் எரிபொருளாகிவிடுகிறது.

ககாவோடாக் 2010 மார்ச்சில் வெளிவந்தது. கைபேசியில் சேமித்து வைத்த எண்களைப் படித்து, அதே செயலியை வைத்திருப்போரை அது தானாகவே 'நண்பர்' பட்டியலில் சேர்த்துவிடும். ஆகவே அந்தப் பட்டியலில் உயிர்த் தோழர் மட்டும் இருக்கமாட்டார். மேலதிகாரி, வாடிக்கையாளர், பேச்சே நின்றுபோன பழைய உறவு என எல்லோரும் இருப்பார்கள். அனிபாங் இந்தப் பட்டியலின் மேல் இரண்டு ஏற்பாடுகளை வைத்தது. ஒன்று, அறிந்தவர்களின் புள்ளிகளை வரிசைப்படுத்தும் வாராந்தரத் தரவரிசை. மற்றொன்று 'இதயம்'. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் இதயம் செலவாகும். தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது யாராவது அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும் இதயம் உரையாடல் பெட்டியில் ஒரு செய்தியாக வந்து நின்றது. அலுவலகத் தலைவரிடமிருந்து நள்ளிரவில் ஓர் இதயம் வந்தால் அதைப் பெற்றவர் என்ன செய்வார்? விளையாட விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதில் சொல்லவேண்டிய இடத்துக்கு அவர் வந்துவிடுகிறார்.

இந்த நெருக்கடியைச் சமூக ஆய்வாளர்கள் கைபேசி பிறப்பதற்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். பெற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்பது எல்லாச் சமூகங்களிலும் காணப்படும் நெறி என்று ஆல்வின் கூல்ட்னர் 1960-இல் எழுதினார். அந்த நெறியின் வலிமையை டென்னிஸ் ரீகன் 1971-இல் சோதனை மூலம் காட்டினார். சோதனையில் பங்கேற்றவருக்கு, உடனிருந்த ஒருவர் கேட்காமலேயே ஒரு குளிர்பானம் வாங்கித் தந்தார். பிறகு தன்னிடமிருந்த பரிசுச் சீட்டுகளை வாங்கிக்கொள்ளச் சொன்னார். பானம் பெறாதவர்களைவிடப் பெற்றவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு சீட்டுகளை வாங்கினார்கள். தந்தவரைப் பிடித்திருக்கிறதா என்பது அங்கே பெரிய பொருட்டாகவே இல்லை. அமெரிக்காவில் பிலிப் குன்ஸ் முன்பின் அறியாதவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை அனுப்பிப் பார்த்தார். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், அனுப்பியவர் யாரென்றே தெரியாமல் பதில் எழுதினார். அறிமுகமே இல்லாதவருக்கு இவ்வளவு என்றால், நாளை நேரில் சந்திக்கப்போகும் ஒருவரின் இதயத்துக்கு எவ்வளவு வலிமை இருக்கும்!

இதில் பணத்தின் பங்கும் தெளிவானது. கட்டணம் இல்லாமல் செய்தி அனுப்பவைத்த ககாவோ நிறுவனம் முதன்முதலில் லாபம் கண்ட ஆண்டு 2012. அப்போது விளையாட்டுக்குள் செலவான தொகையில் செயலிக் கடை 30 விழுக்காடு எடுத்துக்கொண்டது. மீதியில் 30 விழுக்காடு, அதாவது மொத்தத்தில் 21 விழுக்காடு, ககாவோவுக்குப் போனது. புதிய ஆட்டக்காரரைப் பிடிக்க விளையாட்டு நிறுவனங்கள் விளம்பரத்துக்குச் செலவிடுவது வழக்கம். இங்கே அந்த வேலையைப் பயனாளர்களே ஊதியமின்றிச் செய்தார்கள். அதற்கு முதலீடாக வைத்தது தங்கள் அறிமுகங்களின் நல்லெண்ணத்தை. இதயங்கள் பெருகி எரிச்சல் வளர்ந்தபோது, விளையாட்டுச் செய்திகளை மறுக்கும் வசதி வந்தது. அதுவும் தேடிப் போய் மறுக்கவேண்டிய பாரத்தைப் பெற்றவர் தலையிலேயே வைத்தது.

கொடுத்து வாங்குவது மனித இயல்புதானே, நம் கல்யாண வீடுகளில் மொய் நோட்டு இல்லையா என்று கேட்கலாம். மொய்யிலும் கடமை உண்டு, சில வேளை கசப்பும் உண்டு. ஆனால் அங்கே கொடுப்பவர் தன் கைப்பணத்தைக் கொடுக்கிறார். அது வாங்குபவரின் உண்மையான தேவைக்கு உதவுகிறது. எப்போது செய்வது என்பதை இரு குடும்பங்களின் வாழ்க்கை முடிவு செய்கிறது. இதயமோ அனுப்புபவருக்குச் செலவில்லாதது. அது தீர்க்கும் தட்டுப்பாட்டை உருவாக்கியதே விளையாட்டை வடிவமைத்தவர்தான். தட்டுப்பாட்டையும் அதற்கான உதவியையும் ஒரே நிறுவனம் வடிவமைக்கும்போது, கைமாறு என்ற பண்பு மட்டும் நம்முடையது. அதன் பலன் வேறொருவருடையது.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். விட்டுப்போன தொடர்புகளை இத்தகைய ஆட்டங்கள் உயிர்ப்பிக்கின்றன என்பது அது. நெருங்கிய நண்பர்களைவிட மேலோட்டமான அறிமுகங்களே புதிய செய்திகளையும் வேலை வாய்ப்புகளையும் கொண்டுவருகின்றன என்று 1973-இல் மார்க் கிரானோவெட்டர் விளக்கியது இதற்குச் சார்பாகவே நிற்கிறது. சேர்ந்து விளையாடுவது நல்லது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதற்குக் கடன் தேவையா? 'வேர்டில்' இதற்கு நல்ல சான்று. ஜோஷ் வார்டில் உருவாக்கிய இந்தச் சொற்புதிரை 2021 நவம்பர் முதல் நாளில் விளையாடியவர்கள் 90 பேர். இரண்டு மாதங்களில் அவர்கள் 3 லட்சமாகப் பெருகினார்கள். ஒரு நாளைக்கு ஒரே புதிர். எல்லோருக்கும் அதே புதிர். விடையைக் காட்டாத வண்ணச் சதுரங்களாக முடிவைக் குடும்பக் குழுவிலும் நண்பர் குழுவிலும் பகிரலாம். யாரும் யாருக்கும் இதயம் தரவேண்டியதில்லை; பார்த்தவர் பேசாமல் கடந்துபோனாலும் யாருடைய ஆட்டமும் நிற்காது. கடமையைத் தூண்டாமலேயே ஓர் ஆட்டம் குழுக்களுக்குள் பேச்சை வளர்க்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

கடமையைத் தூண்டும் ஆட்டங்களைச் சட்டத்தால் தடுக்க முடியுமா? தென் கொரியா 2011 நவம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது: 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது. அது கணினி விளையாட்டுகளைக் குறிவைத்தது. கைபேசி விளையாட்டுகள் விலக்குப் பெற்றன. எத்தனை மணிக்கு ஆடலாம் என்று அரசு எண்ணிக்கொண்டிருந்த காலத்திலேயே, அழைப்பு உரையாடல் பெட்டி வழியாக எல்லா வயதினரையும் எட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டமும் 2022 தொடக்கத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. கடிகாரத்தைப் பார்க்கும் கட்டுப்பாடு போதாது. வடிவமைப்பைப் பார்க்க வேண்டும். தொடர்புப் பட்டியலை ஆட்டத்துக்குத் திறப்பது பயனாளர் தாமே தேர்ந்தால் மட்டும் நடக்கவேண்டும். விளையாட்டு அழைப்பு தனிச் செய்தியின் உருவில் வரக் கூடாது. மறுத்தது அனுப்பியவருக்குத் தெரியக் கூடாது. இந்த மூன்றும் தொழில்நுட்பத்துக்குக் கடினமானவை அல்ல. அவை வரும்வரை, குழுவில் வரும் ஒவ்வோர் அழைப்பின்போதும் நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இதை அனுப்பியது என் நண்பரா, அவர் பெயரில் ஒரு நிறுவனமா? நிறுவனம் என்றால் பதில் அனுப்பத் தேவையில்லை. நண்பரை நேராகவே அழைத்துப் பேசுங்கள்.